மன்னிப்பு வேறு, அமானிதம் வேறு

புகழ் பெற்ற ஒருவர் பெருங்குற்றம் புரிந்தார் என்ற செய்தி வெளிவந்ததும் மக்கள் இரு கூறாகப் பிரிந்துவிடுகின்றனர். “எத்தகைய திறமைசாலி! ஒரு பிழைக்காக அவருடைய தொழிலையே பறிக்கலாமா?” என்று பரிந்து பேசுவர் ஒரு சாரார். “இனி அவர் எங்கும் தலைகாட்டலாகாது” என்று சினந்து கூறுவர் மறு சாரார். நடிகராயினும், விளையாட்டு வீரராயினும், மேடைப் பேச்சாளராயினும் இந்த வழக்கு ஓயாமல் எழுந்துகொண்டே இருக்கிறது. இதில் இஸ்லாம் காட்டும் வழி யாது?

இஸ்லாமிய வரலாற்றை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். குற்றவாளியின் பாவம் மன்னிக்கப்படுவது வேறு. அவர் பிழைப்புக்கு வழி கிடைப்பது வேறு. அவர் கையில் பொறுப்பை மீண்டும் ஒப்படைப்பது வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் நம்மிடையே இத்துணை வாதங்கள் எழுகின்றன.

பெருமை கேடயமாகாது

மக்கா வெற்றியின்போது மக்ஸூம் கோத்திரத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி திருட்டுக் குற்றத்துக்கு ஆளானார். அது குறைஷியருள் உயர்ந்த குடும்பம். தண்டனையிலிருந்து அவரைத் தப்புவிக்க விரும்பிய உறவினர்கள், பெருமானார் (ஸல்) அவர்களின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களைப் பரிந்துரைக்க அனுப்பினர். நாயகத்தின் திருமுகம் மாறியது. உயர்ந்தவர் திருடினால் விட்டுவிடுவதும், எளியவர் திருடினால் தண்டிப்பதுமே முன்னிருந்த சமுதாயங்களை அழித்தது என எச்சரித்தார்கள். தம் மகள் ஃபாத்திமாவே ஆயினும் தீர்ப்பு இதுவே என்றும் உறுதியாகக் கூறினார்கள். தண்டனை நிறைவேறியது.

இந்த வரலாற்றை இத்துடன் நிறுத்திவிடுவோர் பலர். ஆனால் இதன் பிற்பகுதியே நம் சிந்தனைக்கு உரியது. அப்பெண்மணி மனந்திருந்தி நல்வாழ்வு வாழ்ந்தார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்துபோவார். அவருடைய தேவைகளை அன்னையவர்கள் பெருமானாரிடம் எடுத்துரைப்பார்கள். தண்டனைக்கு முன் எவ்வளவு உறுதியோ, அதன் பின் அவ்வளவு கனிவு!

பதவி பறிபோன பத்ரு வீரர்

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் பஹ்ரைனின் ஆளுநராக இருந்தவர் குதாமா இப்னு மழ்ஊன் (ரலி). பத்ருப் போரில் பங்கேற்ற பெருமைக்குரியவர், கலீஃபாவின் மைத்துனருமாவார். அவர் மது அருந்தினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கலீஃபா செவிவழிச் செய்தியை வைத்துத் தீர்ப்பளிக்கவில்லை. சாட்சிகளை அழைத்து விசாரித்தார்கள். குதாமாவோ ஒரு திருவசனத்துக்குத் தாமே பொருள் கூறித் தமக்கு அரணாக்க முயன்றார். அந்த விளக்கம் பிழையெனக் காட்டிய உமர் (ரலி), உறவையும் பாராமல், பத்ரின் புகழையும் பாராமல் சவுக்கடி கொடுக்கச் செய்தார்கள், பதவியிலிருந்தும் நீக்கினார்கள்.

பின்னர் ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில், குதாமாவுடன் இணங்கிப் போகுமாறு உமர் (ரலி) கனவில் அறிவுறுத்தப்பட்டார்கள். உடனே அவரை அழைத்துவரச் செய்து உறவைப் புதுப்பித்துக்கொண்டார்கள். உள்ளங்கள் ஒன்றுபட்ட செய்தி அந்த வரலாற்றில் உண்டு. ஆளுநர் பதவி திரும்பக் கிடைத்த செய்தி அதில் இல்லை. ஆம்! கலீஃபாவின் அன்பு அவருடைய சொந்த உடைமை. அதை வாரி வழங்கலாம். பதவியோ மக்களின் உடைமை. தமக்குப் பொறுப்பொன்று தருமாறு வேண்டிய அபூதர் (ரலி) அவர்களிடம், அது ஓர் அமானிதம் என்றும், அதன் கடமையை நிறைவேற்றாதவருக்கு மறுமையில் இழிவும் கைசேதமுமே மிஞ்சும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்தது இதனாலன்றோ!

பிழைப்பைத் தடுக்கலாமா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரப்பப்பட்டபோது அதில் சிக்கியவர்களுள் மிஸ்தஹ் (ரலி) ஒருவர். அவர் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஏழை உறவினர். அவர்களுடைய உதவியால் வாழ்ந்தவர். தம் மகளின் மானத்தையே குலைக்கத் துணிந்தவருக்கு இனி எதுவும் தருவதில்லை என அபூபக்ர் (ரலி) ஆணையிட்டார்கள். எந்தத் தந்தைக்குத்தான் அந்தச் சினம் எழாது? ஆயினும், வசதி படைத்தோர் இவ்வாறு ஆணையிட வேண்டாம், இறைவனின் மன்னிப்பை நாடுவோர் பிறரை மன்னிக்கட்டும் என்னும் கருத்தமைந்த வசனம் அந்நூர் அத்தியாயத்தில் இறங்கியது. உதவி மீண்டும் தொடர்ந்தது.

அதே அத்தியாயம் மற்றொன்றையும் விதிக்கிறது. கற்புடைய பெண்கள்மீது பழி சுமத்தி, அதை மெய்ப்பிக்க இயலாதவர்களுக்கு 80 கசையடி. அவர்களுடைய சாட்சியம் ஒருபோதும் ஏற்கப்படாது. திருந்தியவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கு எதுவரை செல்லும்? இங்கேதான் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். திருந்தினால் பாவி என்னும் பெயர் நீங்கும், சாட்சியம் மட்டும் என்றுமே ஏற்கப்படாது என்பது ஹனஃபீ மத்ஹபு. இரண்டு தடைகளும் நீங்கும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஆயினும் அவர்களும் உடனே ஏற்றுவிடவில்லை. திருந்தியது மெய்தானா என அறிய ஒரு காலம் பொறுத்துப் பார்க்கவேண்டும் என்றனர். அறிஞர்களில் பெரும்பாலோர் அதனை ஓராண்டு என வரையறுத்ததாக இமாம் நவவீ ‘மின்ஹாஜ்’ நூலில் குறித்துள்ளார்கள்.

நம் தமிழகத்தில் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டில் ஹனஃபீ மத்ஹபும் பரவியுள்ளன. இரு சாராரும் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு: வாயால் வருந்தினேன் என்ற மாத்திரத்தில் இழந்த நம்பிக்கை திரும்பிவிடுவதில்லை.

லார்ட்ஸ் மைதானம் தந்த பாடம்

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றை இந்தத் தராசில் நிறுத்துப் பார்ப்போம். 2010 ஆகஸ்டில் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த டெஸ்ட் போட்டியில், பணத்துக்காக முன்கூட்டியே பேசிவைத்தபடி நோ-பால் வீசிய சூழ்ச்சியில் பாகிஸ்தான் அணியின் மூவர் அகப்பட்டனர். தலைவர் சல்மான் பட்டுக்கு 10 ஆண்டும், முகமது ஆசிஃபுக்கு 7 ஆண்டும், 18 வயதே நிரம்பிய முகமது ஆமிருக்கு 5 ஆண்டும் தடை விதிக்கப்பட்டது. முதலிருவரின் தடையில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. 2011இல் இலண்டன் நீதிமன்றம் மூவரையும் சிறைக்கு அனுப்பியது. ஆமிர் அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டார். மற்ற இருவரும் வழக்காடித் தோற்றனர்.

2016இல் ஆமிர் நாட்டு அணிக்குத் திரும்பினார். அதற்கு முன் அவருடன் பயிற்சி பெற அணியினர் இருவர் தயங்கினர். அந்தத் தயக்கம் பொறாமையன்று. நாட்டின் சின்னத்தை அணிவதும் ஓர் அமானிதமே என்ற எண்ணத்துக்கும் இடமுண்டு. ஆனால் தண்டனை முழுமையாய்க் கழிந்திருந்தது; தவறு செய்தபோது அவர் அணியிலேயே இளையவராயிருந்தார். 2017 சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் முதல் மூன்று விக்கெட்டுகளையும் அவரே வீழ்த்தினார்.

சல்மான் பட்டின் நிலை வேறு. தடை நீங்கியபின் உள்நாட்டுப் போட்டிகளில் ஆட அவருக்கு வழி கிடைத்தது. 2023 டிசம்பரில் தேர்வுக்குழுத் தலைவருக்கு ஆலோசகராக அவரை நியமித்தபோதோ எதிர்ப்பு எழுந்தது. அறிவித்த வேகத்திலேயே நியமனம் கைவிடப்பட்டது. மட்டை பிடித்துப் பிழைக்கலாம். பிறர் தகுதியை நிறுக்கும் தராசை அந்தக் கையில் தருவதா என்பதே கேள்வி. தலைமையை விற்றவருக்குத் தேர்வாளர் பொறுப்பில்லை என்பது கொடுமையன்று, நீதியே.

தொழிலே கருவியானால்?

மது அருந்தியவர் முதற்கண் தமக்கே தீங்கிழைத்தார். பிறருக்கு, அதுவும் எளியோர்க்குத் தீங்கிழைத்து, அதற்குத் தம் புகழையே கருவியாக்கியவரை என் செய்வது?

பிரிட்டனின் பிபிசி நிறுவனத்தில் பல்லாண்டு கோலோச்சியவர் ஜிம்மி சவில். அறப்பணிகளுக்கு நிதி திரட்டினார்; 1990இல் ‘சர்’ பட்டமும் பெற்றார். 2011இல் அவர் இறந்தபின், மறு ஆண்டு உண்மை வெளிவந்தது. பிபிசி பணியோடு தொடர்புடைய வகையில் மட்டும், சிறார் உள்ளிட்ட 72 பேர் அவரால் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர் என 2016இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. நட்சத்திரங்களுக்கு எதிராக வாய்திறக்க ஊழியர்கள் அஞ்சிய சூழலையும் அது எடுத்துக்காட்டியது. திறமையைக் காப்பாற்றப் போய் எத்தனை குழந்தைகளைக் கைவிட்டோம் என்று காலங்கடந்து வருந்தி என்ன பயன்?

அடியார்க்கிழைத்த அநீதியில் தௌபா நிறைவேற, பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதிகொள்ளுதல் ஆகிய மூன்றும் போதா. பாதிக்கப்பட்டவரின் உரிமையைத் திருப்பித் தந்து, அவருடைய பொருத்தத்தையும் பெறவேண்டும் என்பது மார்க்க அறிஞர்களின் கூற்று. ஆகவே இத்தகையவரை மன்னிக்கும் உரிமை இரசிகர்களுக்கு இல்லை. அது அழுதவர்களின் உரிமை. எந்த இடம் அவருக்குக் கொடுமை செய்ய வாய்ப்பளித்ததோ, அந்த இடத்தை மீண்டும் அளிப்பது மன்னிப்பும் ஆகாது. இன்னொரு குழந்தையைப் பணயம் வைப்பதாகும்.

நமக்குரிய கடமை

எனவே அன்பர்களே, வதந்தி கேட்டவுடன் ஒருவரைத் தூற்றாதீர்கள், விசாரணைக்கு இடங்கொடுங்கள். மெய்ப்பிக்கப்பட்டபின் புகழுக்காகவோ உறவுக்காகவோ பரிந்துரைக்காதீர்கள். திருந்தியவரின் உணவில் மண் போடாதீர்கள்; பழைய பாவத்தைச் சொல்லிக் குத்திக்காட்டாதீர்கள். ஆனால் பிறரை ஆளும் பொறுப்பைத் தருமுன் ஆயிரம் முறை எண்ணுங்கள். வெள்ளித்திரைக்கு மட்டுமன்று, நம் ஜமாஅத் நிர்வாகத்துக்கும், மதரஸாவுக்கும், மேடைக்கும் இதே அளவுகோல்தான்.

நீதியில் தளராமலும், கருணையில் குறையாமலும் நடக்க வல்ல நாயன் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.