கசப்பு ஒன்று, வம்சம் வேறு

பூசணி, சுரை, வெள்ளரி முளைவிட்டு வித்திலை விரித்ததுமே வந்து உட்காரும் செம்மஞ்சள் வண்டை விவசாயிகள் நன்றாக அறிவார்கள். நீளம் 6 முதல் 8 மில்லிமீட்டர்தான். ஆனால் கன்றுப் பருவத்தில் கவனிக்காமல் விட்டால் மறுவிதைப்புதான் வழி. வண்டு இலையைத் தின்ன, மண்ணுக்குள் இருக்கும் அதன் புழு வேரைக் கடிக்கும். இதுதான் பூசணி சிவப்பு வண்டு.

பழைய வேளாண் நூல்களில் இதன் பெயர் ராஃபிடோபால்பா ஃபோவிகாலிஸ். இப்போது அவுலகோஃபோரா ஃபோவிகாலிஸ். பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஷெவ்ரோலா 19-ஆம் நூற்றாண்டில் பெயர் சூட்டிய அவுலகோஃபோரா பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தென் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று பரந்து கிடக்கிறது அதன் எல்லை.

அமெரிக்கக் கண்டங்களில் இது இல்லை. அங்கே மக்காச்சோள வேரைத் தின்னும் டயாப்ரோடிகா இருக்கிறது. இரண்டும் இலை வண்டுக் குடும்பத்தில் லூபெரினி என்ற ஒரே பிரிவுக்குள் வைக்கப்பட்டவை. இரண்டையும் ஈர்ப்பது ஒரே பொருள்: பூசணிக் குடும்பத் தாவரங்களின் குக்குர்பிட்டசின். மற்ற பூச்சிகளை விரட்டும் அந்தக் கடுங்கசப்பை இவை தேடித் தின்று உடலில் சேர்த்துக்கொள்கின்றன. தம்மைத் தின்ன வருபவற்றுக்கு எதிராக அதுவே காப்பு.

இவ்வளவு அபூர்வமான ருசி பொதுவான மூதாதையிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. 2003-இல் கில்லெஸ்பி உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது வேறு விடை கிடைத்தது. பழைய உலகிலும் புதிய உலகிலும் இந்தப் பழக்கம் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. உணவை வைத்து உறவு சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறிந்தவரை குறைவு. வகைப்பாடு வெறும் பெயர்ப்பட்டியல் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இன்னொரு விந்தை: கசப்பை நாடும் நம் வண்டு பாகலை ஒதுக்கிவிடும். பாகல் இலையின் கசப்புப் பொருள் வேறு. அது வண்டைத் தின்னவிடாமல் தடுத்துவிடுகிறது.

குக்குர்பிட்டசின் வண்டுக்கு உணவு, நமக்கோ நஞ்சு. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்தவர்கள் இந்தியாவில் இறந்திருக்கிறார்கள். எனவே சாறு பிழியும் முன் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.