குழந்தை சொல்லாத குறை

மட்டாஞ்சேரியைச் சேர்ந்த கொச்சங்காடியில் 1344-ஆம் ஆண்டிலேயே யூதர்கள் ஒரு ஜெப ஆலயம் எழுப்பியிருந்தார்கள் என்பதற்குச் சாட்சியான கல்லொன்று இன்று பரதேசி ஜெப ஆலயத்தின் சுவரில் பதிக்கப்பெற்றிருக்கிறது. அத்தனை நூற்றாண்டுகளாகப் பல ஜாதியாரும் பல மதத்தினரும் வந்து குடியேறிய இப்பிரதேசத்தில், தமிழும் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் உருதுவும் ஒரே தெருவில் காதில் விழுவது அதிசயமன்று. ஆனால், கைக்குழந்தையின் ஒரு கண் சற்றே மூக்குப் பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டு கவலையுற்ற இளந்தாய் ஒருத்தி அக்கம்பக்கத்தில் யோசனை கேட்டால், எந்த மொழிக்காரர் வீட்டில் கேட்டாலும் அவளுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “வளர வளரச் சரியாப் போயிடும்.”

இது அன்பினால் சொல்லப்படும் வார்த்தை. மூத்தோரின் அனுபவத்தில் சளிக்கும் கரப்பானுக்கும் பலித்த வார்த்தையுங்கூட. கண்ணின் விஷயத்திலோ இதைப் போல அபாயகரமான ஆறுதல் வேறொன்றில்லை என்று நான் திடமாக நம்புகிறேன்.

காரணம், பார்வை என்பது கண்ணில் மட்டும் நிகழ்கிற காரியமன்று. பிறந்த சிசுவுக்குக் கண் இருக்கிறது; ஆனால் பார்க்கும் வித்தையை அதன் மூளை இனிமேல்தான் பயில வேண்டும். இரண்டு கண்களிலிருந்தும் தெளிவான பிம்பங்கள் இடைவிடாது வந்துகொண்டிருந்தால்தான் மூளையில் அதற்கென அமைந்த பகுதி செம்மையாக வளரும். அமெரிக்காவில் டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் என்னும் இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இளம் பருவத்தில் சில காலம் மூடிவைத்துப் பின்னர் திறந்து பார்த்தபோது, கண்ணில் யாதொரு பழுதும் இல்லாதிருந்தும் மூளை அக்கண்ணின் செய்தியை ஏற்காமல் ஒதுக்கிவிட்டிருந்ததைக் கண்டறிந்தார்கள். இவ்வாராய்ச்சிகளின் பொருட்டு 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. மனிதக் குழந்தைக்கும் இதே விதிதான். பிறவிக் கண்புரையோ, மாறுகண்ணோ, இரு கண்களின் பவரில் உள்ள பெரிய வித்தியாசமோ ஒரு கண்ணின் பிம்பத்தைக் கலங்கச் செய்தால், மூளை அக்கண்ணைக் கைவிட்டு மற்றதை மட்டுமே நம்பத் தொடங்குகிறது. இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் பார்வையை மீட்க முடிகிறது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் மீட்பு அரிதாகிக்கொண்டே போகிறது.

இதில் மனத்தை வருத்தும் விஷயம் என்னவென்றால், குழந்தை இதை ஒருபோதும் சொல்வதில்லை. பிறந்தது முதல் மங்கலாகவே உலகத்தைக் கண்ட குழந்தைக்கு, உலகம் மங்கலானது என்பதே இயல்பு. ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் வேறொன்றும் இல்லை. ஒரு கண் நன்றாகவும் மற்றது பழுதாகவும் இருந்தாலோ, அது ஓடும், ஆடும், தரையில் கிடக்கும் எறும்பைக்கூடப் பொறுக்கும்; வீட்டாருக்கு எள்ளளவும் சந்தேகம் எழாது. ஆகவே பெரியவர்கள்தாம் தேடிப் பார்க்க வேண்டும். குழந்தையை மடியில் இருத்தி, அதற்குப் பிரியமான பொம்மையொன்றைக் காட்டி, அதன் கவனம் பொம்மையில் பதிந்திருக்கையில் உள்ளங்கையால் மெல்ல வலக்கண்ணை மறைத்துப் பார்க்கலாம்; பிறகு இடக்கண்ணை. ஒரு பக்கம் மறைத்தபோது பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை, மறுபக்கம் மறைத்தவுடன் சிணுங்கித் தலையைத் திருப்பிக் கையைத் தட்டிவிடுமானால், ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்திலேயே அப்படிச் செய்யுமானால், அது பிடிவாதமன்று. காண்பதற்கு அதனிடம் உள்ள ஒரே நல்ல கண்ணை மறைத்துவிட்டோம் என்று பொருள்.

பிறந்து முதல் மூன்று நான்கு மாதங்கள் வரை கண்கள் எப்போதாவது விலகி மீளுவது சகஜம். அதன்பிறகும் விலகுமாயின், அல்லது எந்த வயதிலும் விலகியது விலகியபடியே நிற்குமாயின், வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும். “ஓரக்கண்ணா இருந்தா குடும்பத்துக்கு யோகம்டி, விடு,” என்று மருமகளைத் தேற்றும் பாட்டிமார் நம்மில் இன்றும் உண்டு. அந்த யோகத்தை நம்பிக் காத்திருந்து ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர்களும் உண்டு. மூக்குத் தண்டு அகன்றிருப்பதனால் மாறுகண் போல வெறும் தோற்றம் மட்டும் உள்ள குழந்தைகள் பலர் என்பது மெய்யே; எனினும் தோற்றமா நோயா என்று பிரித்தறிவது வைத்தியரின் வேலை. தூரப்பார்வைக் குறையினால் வந்த மாறுகண் அறுவை சிகிச்சையின்றிக் கண்ணாடியிலேயே நேராகிவிடுவதும் உண்டு என்பதைப் பலர் அறியார்.

அழகென்று கொண்டாடப்படும் ஒரு லட்சணத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தொட்டிலில் கிடக்கும் சிசுவைப் பார்க்க வருவோர், “என்ன பெரிய கண்ணு!” என்று வியந்து திருஷ்டி கழிக்கிறார்கள். அக்கண்ணில் ஓயாமல் நீர் வடிந்து, வெளிச்சம் பட்டால் குழந்தை முகத்தைப் புதைத்துக்கொண்டு, கருவிழி சற்றே நீலம் பாய்ந்து மங்கியிருக்குமானால், அது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதனால் உண்டாகும் பிறவிக் கண் நீரழுத்த நோயாக இருக்கக்கூடும். பிறந்தபோது கருவிழியின் குறுக்களவு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். முதல் ஆண்டிலேயே அது 12-ஐத் தாண்டுவது நல்ல அறிகுறியன்று. நீர் வடிவது மட்டும் இருந்தால், பெரும்பாலும் கண்ணீர்க் குழாயின் அடைப்பே காரணம். அது முதல் பிறந்தநாளுக்குள் தானே திறந்துவிடுவதே அதிகம். இரண்டையும் வீட்டிலிருந்தபடியே பிரித்தறிய முயலலாகாது.

எல்லாவற்றினும் அவசரமானது வெண்மையான கண்மணி. போனில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் மின்னினால், அது படம் எடுத்த கோணத்தினால் நேர்ந்ததாகவும் இருக்கலாம். கண்புரையாகவும், விழித்திரையில் தோன்றும் புற்றுநோயாகவும் இருக்கலாம். இப்புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையே பற்றுகிறது. உரிய காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோரின் உயிரைக் காக்க முடிகிறது. தாமதித்தால் அது கண்ணைக் கடந்து மூளைக்கே பரவிவிடும். அந்தப் படத்தை அழிக்காமல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே, இல்லையேல் மறுநாளே, கண் வைத்தியரிடம் போக வேண்டும். பிறவிக் கண்புரையாக இருந்தாலும் தவணை நீண்டதன்று. பிறந்து ஆறு முதல் பத்து வாரங்களுக்குள் அறுவை செய்வதே உத்தமம்.

இவை யாவும் வெளியே தெரியும் அடையாளங்கள். அடையாளமே இல்லாத ஒன்றும் உண்டு. மாதம் நிறையுமுன் பிறந்த சிசுக்களின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து, இறுதியில் திரையையே பிய்த்துவிடும் நோய் அது. 1940-களில் மேலைநாடுகளில் இது பரவியபோது, குறைமாதச் சிசுக்களைப் பிழைக்கவைக்கத் தாராளமாக அளித்த பிராணவாயுவே இதற்கு முக்கிய காரணம் என்பதை 1950-களில்தான் கண்டார்கள். நம் நாட்டிலும் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகப் பெருக, முன்பு பிழைத்திராத குழந்தைகள் பிழைக்கின்றன; அவற்றோடு இந்த நோயும் பெருகுகிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள ஒவ்வொரு சிசுவுக்கும் பிறந்து 30 நாளுக்குள், மிகச் சிறிய சிசுக்களுக்கு இன்னும் முன்னதாக, விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும் என்பது இந்தியாவின் நெறிமுறை. நம் குடும்பங்களிலோ, ஜாதி மத பேதமின்றி, பிரசவித்தவளும் பிள்ளையும் நாற்பது நாள் வாசல் தாண்டாமல் பத்திய ரட்சணையில் இருப்பதே வழக்கம். அந்த முப்பதாம் நாள் இந்த நாற்பதுக்குள் விழுந்து மறைந்துவிடுகிறது! வழக்கத்தை நான் நிந்திக்கவில்லை. அந்த ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும் விலக்கு அளியுங்கள் என்று வீட்டுப் பெரியவர்களை மன்றாடிக் கேட்கிறேன். வேளை தவறாமல் செய்யும் லேசர் சிகிச்சை பெரும்பாலும் பார்வையைக் காத்துவிடுகிறது.

கை வைத்தியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, பூவாங்குறுந்தல் சாற்றில் தோய்த்து எரித்த கரியால் செய்த கண்மை ஆகியவற்றில் எதுவும் சிசுவின் கண்ணுக்குள் போகவேண்டாம். ஆனால் ஆகாரத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். வைட்டமின் ஏ குறைவினால் மாலைக்கண்ணும், முற்றினால் கருவிழியே உருகிப்போவதும் ஒரு காலத்தில் நம் ஏழை வீடுகளின் நித்திய சோகமாக இருந்தன. திருச்சி வட்டாரத்தில் ஏறத்தாழ 15,000 குழந்தைகளைக் கொண்டு டாக்டர் லட்சுமி ரகமத்துல்லாவும் குழுவினரும் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வு, வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்ததனாலேயே குழந்தை மரணம் பாதிக்குமேல் குறைந்ததாகக் காட்டிற்று. ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசியுடன் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கொரு முறை தரப்படும் வைட்டமின் ஏ மருந்தை வாங்கத் தவறாதீர்கள்.

எங்கே போவது? 2013 முதல் நடைபெறும் ராஷ்டிரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரமத்தின்படி அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக் குழந்தைகளை ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும்; உங்கள் பகுதி ஆஷா பணியாளரிடம் சந்தேகத்தைச் சொன்னால் வழி காட்டுவார். மட்டாஞ்சேரியிலேயே அரசினர் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. தோப்பும்படிப் பாலத்தைக் கடந்தாலோ படகேறினாலோ எர்ணாகுளத்துப் பெரிய மருத்துவமனைகள். இன்னும் வடக்கே, 1936-இல் தோன்றிக் கண் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற அங்கமாலி லிட்டில் பிளவர். மதுரைப் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்கு, டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் உண்டு.

எழுத்துத் தெரியாத பிள்ளைக்குக் கண்ணை எப்படிச் சோதிப்பார்கள் என்று தயங்குகிறவர்கள் பலர். அட்டையைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து, ஒளிக்கீற்றைப் பாய்ச்சி, அது திரும்பி வரும் விதத்தைக் கொண்டே ஆறு மாதக் குழந்தையின் பவரைக்கூடக் கணித்துவிடுவார்கள். சில குழந்தைகளுக்கு அட்ரோபின் களிம்பை வீட்டிலேயே மூன்று நாள் போட்டுவரச் சொல்வார்கள். அதனால் முகம் சிவக்கலாம். காய்ச்சல் கண்டால் களிம்பை நிறுத்திவிட்டு வைத்தியரைக் கேட்க வேண்டும்.

சோம்பேறிக் கண்ணுக்கு முதலில் கண்ணாடி. அதனால் மட்டும் தேறாவிட்டால் நல்ல கண்ணின்மேல் ஒட்டுப் போடுவார்கள். பலருக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே போதுமானது. முதல் வாரத்தில் குழந்தை அதைப் பிய்த்தெறியும். படம் வரைகிற நேரத்தில், கதை கேட்கிற நேரத்தில் போட்டுப் பழக்கினால் வசப்படும். பார்வை தேறிவிட்டதென்று எண்ணி வீட்டார் தாமாக நிறுத்திவிட்டால், சில மாதங்களில் கண் பழைய நிலைக்கே திரும்பிவிடுவதுண்டு. ஆகையால் நிறுத்தும் நாளை வைத்தியரே குறிக்கட்டும். மூத்த பிள்ளைக்கு இப்படியொரு குறை இருந்திருந்தால், இளையதற்கும் வருவதற்கு ஹேது உண்டு. அடுத்த தவணைக்குப் போகும்போது அதையும் இடுப்பில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.