நோக்குநிலையும் நுண்விரிவும்

கணிப்பொறி ஆட்டங்களில் விரியும் உலகை நமக்குக் காட்டித் தருவது, உருவற்ற ஒரு படக்கண். அக்கண் எங்கே நிற்கிறது, எப்பக்கம் நோக்குகிறது, எவ்வளவு அகலத்தை வளைத்துக் காண்கிறது என்னும் மூன்றும் சேர்ந்ததே நோக்குநிலை. ஒரு பொருளின் வடிவிலும் புறத்தோற்றத்திலும் கண் பிரித்தறியத்தக்க கூறுகளின் செறிவே நுண்விரிவு. நுண்விரிவைப் பொருளின் உடைமையாகவே பலரும் கருதுவர். உண்மையில் அது பொருளுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட தொலைவைப் பொறுத்தது.

1920 படப்புள்ளி அகலமுள்ள திரையையும் 90 பாகை அகன்ற பார்வையையும் எடுத்துக்கொள்வோம். நேர் எதிரே 1 மீட்டர் தொலைவில் நிற்பவரின் 15 சென்டிமீட்டர் அகல முகம், திரையில் 144 புள்ளி அகலம் கொள்ளும். 10 மீட்டரில் அது 14 புள்ளியாகச் சுருங்கும். 50 மீட்டரில் எஞ்சுபவை மூன்றே புள்ளிகள். அம்மூன்று புள்ளிகளுக்காக இமைமயிரைத் தனித்தனியே கணித்து வரைவது வீண் உழைப்பு. நொடிக்கு 60 படங்கள் வரையும் பொறிக்கு ஒரு படத்திற்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி மட்டுமே.

இவ்வீணைத் தவிர்க்கும் வழியை 1976-இல் கணிப்பொறி வரைகலை ஆய்வாளர் சேம்சு கிளார்க்கு எடுத்துரைத்தார்: ஒரே பொருளைச் செறிவு குறைந்துசெல்லும் பல வடிவங்களாக ஆக்கிவைத்துத் தொலைவுக்கேற்ற ஒன்றை வரைக என்பதே அது. இதனைப் படிநிலை நுண்விரிவு எனலாம். வடிவத்தின் மீது போர்த்தப்படும் மேற்போர்வைப் படத்திற்கும் இத்தகைய ஒழுங்கை 1983-இல் லான்சு வில்லியம்சு வகுத்தார். மூலப்படத்தின் நீளமும் அகலமும் படிதோறும் பாதியாவதால் பரப்பு 1/4, 1/16, 1/64 எனக் குறைந்துகொண்டே போகும். அப்படிகளையெல்லாம் கூட்டினாலும் மூலத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. இத்துணைச் சிறிய விலைக்கு எல்லாத் தொலைவுக்கும் ஏற்ற படம் கிடைத்துவிடுகிறது.

படக்கண்ணை யார் ஆள்கிறார் என்பதே அடுத்த வினா. மேலிருந்து களம் முழுவதையும் காணும் போர் ஆட்டங்களில் கண்ணின் உயரம் பெரிதும் மாறாது. படைவீரன் சிறிதாகவே தெரிவான், அவனுக்கு நுண்முகம் வேண்டியதில்லை. ஆடுவோரின் கண்ணே படக்கண்ணாகும் ஆட்டங்களிலோ, அவர் சுவரருகே சென்று நின்றாலும் அதன் காரை நம்பும்படி இருக்கவேண்டும்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது காப்காம் நிறுவனத்தின் ரெசிடென்ட் ஈவில் என்னும் அச்ச ஆட்ட வரிசை. 1996-இல் வந்த முதல் ஆட்டத்தில் படக்கண் அறைதோறும் ஆக்கியோர் குறித்த இடங்களில் அசையாது நின்றது. ஆகவே கூடங்களும் படிக்கட்டுகளும் முன்பே கணித்து முடித்த அசையாப் படங்களாயின. அவற்றின் நிழலுக்கும் ஒளிக்கும் கணிப்புநேரம் எவ்வளவு ஆனாலும் ஆடுவோரை அது தாக்கவில்லை. அவர் பொறி உடனுக்குடன் வரைந்தவை நடமாடும் உருவங்களும் சில பொருள்களுமே. ஆட்டம் நிகழும் மாளிகையை அன்றைய எளிய பொறி அத்தனை செறிவாகக் காட்டியது இவ்வாறுதான். ஆயின் கண் ஓரடி நகர்ந்தாலும் அந்தப் பின்புலம் பொய்யாகிவிடும். அசையாக் கண் அங்கே அச்சத்திற்கும் துணைநின்றது: மூலைக்கு அப்பால் நிற்பதை ஆடுவோர் விரும்பியபோது எட்டிப்பார்க்க இயலாது. சிக்கனமும் கலையும் ஒரே முடிவில் கூடியதை நான் அந்த ஆட்டத்தின் அருஞ்செயல் என்பேன்.

2005-இல் வந்த நான்காம் ஆட்டத்தில் படக்கண் கதைத்தலைவனின் தோளுக்குப் பின்னே வந்து அவனோடு திரும்பியது. அவன் எப்பக்கம் திரும்பினாலும் ஊரும் மரமும் அந்நொடியே வரையப்பட வேண்டியதாயிற்று. எப்போதும் அருகில் தெரியும் அவன் முதுகும் தலைமயிரும் பெரும்பங்கு உழைப்பைப் பெறும் இடங்களாயின. 2022-இல் வெளிவந்த அன்ரியல் என்னும் ஆட்ட ஆக்கப் பொறியமைப்பின் ஐந்தாம் பதிப்பு, தொலைவுக்கேற்ற இந்த உழைப்புப் பங்கீட்டைப் பொருள் அளவிலிருந்து, பொருளின் வடிவை ஆக்கும் சிறுசிறு முக்கோணங்களின் கொத்து அளவுக்கு இறக்கியது. ஒரே பாறையின் அருகுமுகம் செறிந்தும் மறுகோடி நெகிழ்ந்தும் வரையப்படுகின்றன. ஒவ்வொரு கொத்தும் திரையில் எத்தனை புள்ளி இடம்பெறும் என்பதைக் கணித்தே பொறி அதன் செறிவைத் தேர்கிறது.