பழைய சைக்கிளின் பெயிண்டைச் சுரண்டும் முன்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் சேத்தூரைத் தாண்டும்போது வலப்பக்கம் முழுக்க மலைதான். அடிவாரத்துக் கல்லும் மண்ணுமான பாதைகளுக்குத் தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள் தோதாக இருக்கும். புதிதாக வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். பழைய இரும்புக் கடையில் வெறும் ஃபிரேமைப் பேரம் பேசி வாங்கிவிடலாம். வாங்கி வந்த கையோடு பலரும் செய்யும் முதல் வேலை, பழைய பெயிண்டைச் சுரண்டி எடுப்பது. இடம் திண்ணை, மொட்டை மாடி அல்லது கிணற்றடி. கையில் எமரி பேப்பர், ஒரு டப்பா பெயிண்ட் ரிமூவர், ஒரு பாட்டில் தின்னர். முகத்தில் கட்டியிருப்பது கைக்குட்டை, சிலருக்கு அதுவும் கிடையாது.

இது பஞ்சாலைகள் நிறைந்த வட்டாரம். பஞ்சுத் தூசி நெஞ்சை என்ன செய்யும் என்று மில் வேலை பார்த்த பெரியவர்களுக்குத் தெரியும். சைக்கிள் ஃபிரேமிலிருந்து கிளம்பும் தூசியைப் பற்றி அவ்வளவு எச்சரிக்கை இல்லை. இருந்தாக வேண்டும்.

பளிச்சென்ற நிறங்களில் ஈயம்

பழைய சைக்கிள்களின் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, சில பச்சை நிறங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் லெட் குரோமேட் என்ற நிறமி இருந்திருக்கும். வெயிலில் வெளுக்காது, விலையும் மலிவு என்பதால் உலோகத்துக்கு அடிக்கும் பெயிண்டுகளில் அது நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்தது. அதில் ஈயமும் இருக்கிறது, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என உறுதி செய்யப்பட்ட வகைக் குரோமியமும் இருக்கிறது. ஃபிரேமில் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை இரண்டாலும் பெரிய தொந்தரவு இல்லை. எமரி பேப்பர் பட்டுப் பொடியானதும் மூச்சு வழியாகவும் விரல் வழியாகவும் உடம்புக்குள் போய்விடும்.

சட்டம் இங்கே பாதியில் நின்றுவிடுகிறது. வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கும் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016ல் விதி வகுத்தது. அது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயிண்டுகள் அந்த விதிக்குள் வரவில்லை. அதே 2017ல் பட்டாசுத் தயாரிப்பில் ஈயத்தை எந்த வடிவிலும் சேர்க்கக்கூடாது என உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பக்கத்துச் சிவகாசியில் வெடித்துத் தீரும் சரவெடிக்கு இருக்கும் கட்டுப்பாடு, பிள்ளைகள் தினமும் தொட்டு ஓட்டும் சைக்கிளின் பழைய பூச்சுக்கு இல்லை என்பது விசித்திரம்தான்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய தொழில் நோய்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் முதல் வரியிலேயே நின்றது ஈய நச்சுதான். ஆனால் அது தொழிற்சாலைக்கு எழுதிய சட்டம். இரண்டு பேர் வேலை பார்க்கும் டிங்கரிங் பட்டறையையும் வீட்டுத் திண்ணையையும் அது எட்டிப் பார்த்ததில்லை.

எலும்பில் தங்கும் விஷம்

ஈயத்தை உடம்பு கால்சியம் என்று நினைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் கலந்தது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் எலும்புக்குப் போய்ச் சேர்ந்தது அங்கேயே பல பத்தாண்டுகள் குடியிருக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது ஈயமும் கூடவே கரைந்து சிசுவுக்குப் போகும்.

பெரியவர்களுக்கு இது வயிற்று வலி, மலச்சிக்கல், தலைவலி, ரத்தசோகை, எரிச்சல், உயர் ரத்த அழுத்தம் என்று வெளிப்படும். எல்லாமே வேறு பத்துக் காரணங்களாலும் வரக்கூடியவை என்பதால் ஈயத்தின் மீது யாருக்கும் சந்தேகம் வராது. குழந்தைகளுக்குத்தான் அடி பலம். வளரும் மூளையைத் தாக்கிப் படிப்பு, கவனம், நடத்தை எல்லாவற்றையும் அது குலைக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. திண்ணையில் அண்ணன் தேய்த்த தூசி, அங்கேயே தவழும் தங்கையின் விரலில் ஏறி வாய்க்குப் போவதற்கு ஒரு நிமிடம் போதும். வேலை முடித்தவர் அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்கினாலும் கதை அதுதான்.

பெயிண்டைத் தீயில் வாட்டி உரிப்பது இன்னும் மோசம். எமரி பேப்பரில் பொடியாவது தீயில் புகையாகி நேராக நுரையீரலுக்குள் இறங்குகிறது.

டப்பாவுக்குள் இருக்கும் ஆவி

தடவிய சில நிமிடங்களில் பெயிண்டைக் கொப்புளமாக எழுப்பும் ரிமூவர்கள் பலவற்றில் இருப்பது மெத்திலீன் குளோரைடு. டைகுளோரோமீத்தேன் என்றும் எழுதியிருப்பார்கள். சுமார் 40 டிகிரி வெப்பத்திலேயே அது கொதித்துவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூடு சாதாரணம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மூலையிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். குனிந்து வேலை செய்பவரின் மூக்குக்கு நேராக.

முதலில் தலை கிறுகிறுக்கும், பிறகு நினைவு தப்பும். உள்ளே போனதை உடம்பே கார்பன் மோனாக்சைடாக மாற்றிவிடுகிறது. அதனால் வெளிக்காற்றுக்கு வந்த பிறகும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது தொடரும். இதய நோய் உள்ளவர்களுக்கு இது உயிராபத்து. அமெரிக்காவில் பழைய குளியல் தொட்டிகளின் பூச்சை இந்த ரசாயனத்தால் உரித்த தொழிலாளர்களில் 13 பேர், 2000க்கும் 2011க்கும் இடையில் குளியலறைக்குள்ளேயே இறந்தார்கள். 1980 முதல் 2018 வரை இதே ரசாயனத்தால் நேர்ந்த 85 மரணங்களை அங்குள்ள ஆய்வாளர்கள் பட்டியலிட்டார்கள். இறந்தவர்களில் அனுபவசாலிகளும் உண்டு. 2019ல் அந்த நாடு, பொதுமக்களுக்கு இது கலந்த பெயிண்ட் ரிமூவர் விற்பதற்குத் தடை விதித்தது.

மருந்துக் கடையில் வாங்கும் முகக்கவசம், என்95 உட்பட, இந்த ஆவியைத் தடுக்காது. சாதாரண ரப்பர் கையுறையையும் சீக்கிரமே ஊடுருவிவிடும். பக்கத்தில் பீடி பற்றவைப்பதோ, சுத்தம் செய்த ஃபிரேமைக் காயவிடாமல் வெல்டிங் வைப்பதோ கூடாது. தீப்பட்டால் இந்த ஆவி பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்பட்ட வாயு அது.

ரிமூவருக்குப் பதிலாகக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைக்கும் வழக்கமும் இருக்கிறது. இரும்பு ஃபிரேம் தாங்கும், கண்ணும் தோலும் தாங்காது. அலுமினிய ஃபிரேம் என்றால் உலோகத்தையே அரித்து, எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜனை வெளியேற்றும். அரித்து மெலிந்த ஃபிரேம் எங்கே முறியும் என்பதை மலை இறக்கத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

மணலும் ஹார்டனரும்

பட்டறையில் கொடுத்துச் சாண்ட் பிளாஸ்டிங் செய்தால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்கள், எதை வைத்து அடிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மணல் என்றால் அது சிலிக்கா. உடைந்து பறக்கும் நுண்தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும் நோய்க்குப் பெயர் சிலிகோசிஸ். வந்தால் குணமாக்க மருந்தில்லை, காசநோயையும் கூட்டிவரும். துருக்கியில் ஜீன்ஸ் துணிக்குப் பழைய தோற்றம் கொடுக்க மணல் அடித்த இளைஞர்கள் பலர் இந்நோய்க்குப் பலியான பிறகு, 2009ல் அந்த முறையை அரசு தடை செய்தது. மூடிய பெட்டிக்குள் இரும்புக் குருணை அல்லது அலுமினியம் ஆக்சைடு கொண்டு அடிக்கும் பட்டறைகளும் இருக்கின்றன. வாடிக்கையாளர் கேட்காதவரை மணல்தான் மலிவு.

பிறகு புதுப் பெயிண்ட். கார் போலப் பளபளக்க வேண்டும் என்று ஹார்டனர் கலந்து ஸ்ப்ரே கன்னில் அடிக்கும் இரண்டு டப்பா பெயிண்டில் ஐசோசயனேட்டுகள் இருக்கும். 1984ல் போபாலில் கசிந்த வாயுவின் தூரத்துச் சொந்தம். அந்த அளவுக்குக் கொடியதல்ல, ஆனால் ஆஸ்துமாவை வரவழைக்கும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை ஏறிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சு முட்டும். பலர் தொழிலையே விடவேண்டி வரும். இத்தகைய பெயிண்ட் அடிப்பதற்குக் குழாய் வழியே வெளிக்காற்று தரும் முகமூடி வேண்டும். வீட்டில் அது சாத்தியமில்லை என்பதால், வீட்டில் இந்த வேலையும் வேண்டாம்.

சுரண்டாமலே முடிக்கலாம்

பழைய பெயிண்ட் உரியாமல் இறுக்கமாக இருந்தால் அதை முழுக்க எடுக்கத் தேவையே இல்லை. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மேற்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்கி, துருப்பிடித்த இடத்தில் மட்டும் பிரைமர் வைத்து, மேலே புதுப் பெயிண்ட் அடித்தால் சைக்கிளுக்குப் போதும். மெக்கானிக்குகள் சிலர் இதை அரைகுறை வேலை என்பார்கள். உடம்புக்கு இதுதான் சரியான வேலை.

வறட்டுத் தேய்ப்பு கூடவே கூடாது. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பது அதைவிட மோசம். வீட்டைவிட்டுத் தள்ளி, காற்றோட்டமான இடத்தில், கீழே பழைய பிளாஸ்டிக் விரிப்பு போட்டுச் செய்யலாம். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக்கூடாது. தூசிக்குக் குறைந்தது என்95 வேண்டும். விழுந்த சேற்றைப் பெருக்காமல் ஈரத் துணியால் வழித்து, விரிப்போடு சுருட்டிக் கட்டிவிட வேண்டும். வாய்க்காலிலோ தென்னைக்கு அடியிலோ கொட்டக்கூடாது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவைப்பதும் கட்டாயம்.

ரிமூவர் வாசனையில் யாராவது மயங்கிக் கிடந்தால் மூடிய அறைக்குள் ஓடித் தூக்காதீர்கள். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு 108ஐ அழையுங்கள். காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

பெயிண்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கும், ஃபிரேம் தேய்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீராத வயிற்று வலி, சோர்வு, இருமல் என்று டாக்டரிடம் போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கத் தனிப் பரிசோதனை இருக்கிறது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது வராது, தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.