காப்புப் பிரதி: வீட்டிலா, மேகத்திலா?

தென்கொரியாவின் தேஜான் நகரில் அந்நாட்டு அரசின் தேசியத் தகவல் வள மையம் இயங்கிவருகிறது. 2025 செப்டம்பர் 26 அன்று அங்கே லித்தியம் அயனி மின்கலங்களை இடமாற்றும் பணியின்போது தீப்பற்றியது. நூற்றுக்கணக்கான அரசு இணையச் சேவைகள் முடங்கின. பின்னர் படிப்படியாக மீட்கப்பட்டன. ஆனால், அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்துவந்த ‘ஜி-டிரைவ்’ என்னும் மேகச் சேமிப்பகம் மட்டும் மீளவில்லை. அதிலிருந்த 858 டெராபைட் தரவுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வெளியே நகல் எடுத்துவைக்க இயலவில்லை என்பதே கூறப்பட்ட விளக்கம்.

தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் ஓர் அரசுக்கே இந்த நிலை என்றால், நம் வீடுகளின் நிலை என்ன? ஒரு தலைமுறைக்கு முன்பு குடும்பத்தின் நினைவுகள் இரும்பு பீரோவுக்குள் ஓர் ஆல்பமாகவும், பத்திரங்கள் அடங்கிய ஒரு கோப்பாகவும் இருந்தன. இன்று குழந்தையின் முதல் நடை, மறைந்த பாட்டியின் குரல், மருத்துவ அறிக்கை, வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாமே ஒரு கைபேசிக்குள் இருக்கின்றன. அந்தக் கைபேசி பேருந்தில் தவறிப்போனால் என்ன மிஞ்சும் என்று யோசித்தவர்கள், அடுத்ததாக என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கிவைப்பதா, இணையவழி மேகச் சேவைக்குப் பணம் கட்டுவதா?

இரண்டில் எது சிறந்தது என்று இதற்கு விடை தேடுவதில் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. எது எப்படித் தோற்கும் என்று கேட்பதே சரியான தொடக்கம். வீட்டுப் பெட்டியும் தோற்கும், மேகமும் தோற்கும். ஆனால், இரண்டும் தோற்கும் விதம் வேறு வேறு.

நகல் வேறு, காப்பு வேறு

முதலில் இரண்டையும் சுருக்கமாக அறிமுகப்படுத்திவிடலாம். ‘நாஸ்’ எனப்படும் வீட்டுச் சேமிப்புப் பெட்டி, ஒன்றோ இரண்டோ வன்தட்டுகளைக் கொண்ட சிறு கணினி. அது வீட்டின் வைஃபை வலைப்பின்னலில் இணைந்திருக்கும். குடும்பத்தினர் அனைவருடைய கைபேசிகளும் கணினிகளும் தங்கள் கோப்புகளை அதில் சேமிக்கலாம். மேகச் சேவை என்பது கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களின் தரவு மையங்களில் நாம் வாடகைக்கு எடுக்கும் இடம்.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளைக் களைய வேண்டியிருக்கிறது. பெட்டிக்குள் இரண்டு வன்தட்டுகள் ஒன்றையொன்று பிரதிபலித்துக்கொண்டிருப்பதால் எல்லாம் பத்திரம் என்பது ஒன்று. அந்த ஏற்பாடு, ஒரு வன்தட்டு பழுதானால் மட்டுமே கைகொடுக்கும். நாம் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், அது இரண்டு தட்டுகளிலிருந்தும் ஒரே நொடியில் அழியும். கைபேசிப் படங்கள் மேகத்திலும் தெரிவதால் காப்புப் பிரதி இருக்கிறது என்பது இரண்டாவது நம்பிக்கை. பெரும்பாலான சேவைகள் செய்வது ஒத்திசைவு மட்டுமே. ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழியும். சில வாரங்கள் குப்பைத்தொட்டியில் கிடந்துவிட்டுப் பிறகு அதுவும் போய்விடும். மூலம் அழிந்தாலும், மாற்றப்பட்டாலும், அதன் பழைய வடிவம் தனியே நிலைத்திருந்தால்தான் அதைக் காப்புப் பிரதி என்று சொல்ல முடியும்.

வீடு தோற்கும் விதம்

வீட்டில் இருக்கும் பெட்டிக்கு, வீட்டுக்கு நேரும் எல்லாமே நேரும். 2015 டிசம்பரில் சென்னையின் தரைத்தளங்களுக்குள் புகுந்த வெள்ளம், ஆல்பத்தையும் வன்தட்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே காட்சிதான். திருட்டு, தீ, இடி மின்னல், சீரற்ற மின்னழுத்தம் எனப் பட்டியல் நீளும். வன்தட்டும் நிரந்தரமன்று. தன்னிடம் இயங்கும் லட்சக்கணக்கான வன்தட்டுகளின் பழுது விவரங்களைப் பல ஆண்டுகளாக வெளியிட்டுவரும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனத்தின் கணக்கில், ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வன்தட்டுகள் பழுதாகின்றன. அது குளிரூட்டப்பட்ட தரவு மையத்தின் கணக்கு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. 2021 ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘மை புக் லைவ்’ பெட்டிகளை வைத்திருந்த பலர், தங்கள் கோப்புகள் அனைத்தும் ஒரே நாளில் மறைந்திருப்பதைக் கண்டனர். இணையத்தின் வழியே ஊடுருவிய யாரோ அவற்றைத் தொடக்க நிலைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்தப் பெட்டிகளுக்கான மென்பொருள் மேம்பாட்டை நிறுவனம் 2015ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டிருந்தது. 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்னும் பணயத் தீநிரல், இணையத்துக்குத் திறந்துவைக்கப்பட்டிருந்த கியூநாப் பெட்டிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டு மீட்புத்தொகை கேட்டது. வீட்டுப் பெட்டியை வாங்குபவர், பொருளோடு சேர்த்து அதைப் பராமரிக்கும் வேலையையும் வாங்குகிறார் என்பதே இவை உணர்த்தும் பாடம்.

மேகம் தோற்கும் விதம்

மேகச் சேவையை வெள்ளம் எளிதில் தொடாது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது பலர் தரவுகளை இழந்தது உண்மை. என்றாலும், பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு கோப்பையும் பல இடங்களில் வைத்திருக்கின்றன. அங்கே வன்தட்டு பழுதாகிப் படம் அழிவது மிக அரிது. மேகம் வேறு வகையில் தோற்கிறது. கணக்கு முடக்கம், கட்டண நிலுவை, கொள்கை மாற்றம், மறந்துபோன கடவுச்சொல் ஆகியவையே அங்கு வரும் வெள்ளமும் தீயும்.

வரம்பின்றி இலவசமாகப் படங்களைச் சேமிக்கலாம் என்ற கூகுள் போட்டோஸ், அந்தச் சலுகையை 2021 ஜூன் 1 முதல் நிறுத்திக்கொண்டது. இப்போது மின்னஞ்சல், கோப்புகள், படங்கள், ஆண்ட்ராய்டு கைபேசியின் வாட்ஸ்அப் காப்பு எல்லாம் சேர்ந்து 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையையும் அந்நிறுவனம் 2023 டிசம்பரில் தொடங்கியது. அமெரிக்காவில் ஒரு தந்தை, மருத்துவரிடம் காட்டுவதற்காகத் தன் குழந்தையின் நோய்த்தொற்றைப் படமெடுத்தார். தானியங்கி மென்பொருள் அதைக் குற்றமாகக் கருதியதால் அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. குற்றம் ஏதுமில்லை என்று காவல் துறை கூறிய பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை என 2022இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் எழுதியது. அங்கே நம் படங்கள் பத்திரமாகவே இருக்கலாம். கதவைத் திறக்கும் உரிமைதான் நம்மிடம் இல்லை.

சேர்ந்து தோற்காத இரண்டு

வெள்ளத்தில் வீட்டுப் பெட்டி மூழ்கும் நாளில் மேகக் கணக்கு முடக்கப்படும் வாய்ப்பு மிகக் குறைவு. கணக்கு முடங்கும் நாளில் வீட்டுப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஒரே காரணத்தால் இரண்டும் அழிய முடியாதபடி பிரதிகளைப் பிரித்துவைப்பதே காப்பின் சாரம். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்று கணினித் துறையினர் சொல்லும் ‘3-2-1’ விதியின் பொருளும் இதுவே.

2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியத்தின் மேகக் கணக்கை, கட்டமைப்புப் பிழை ஒன்றின் காரணமாக கூகுள் கிளவுட் முழுமையாக நீக்கிவிட்டது. லட்சக்கணக்கான உறுப்பினர்களின் விவரங்களை மீட்க உதவியது, வேறொரு நிறுவனத்திடம் அந்த நிதியம் வைத்திருந்த பிரதி. ‘டாய் ஸ்டோரி 2’ படத் தயாரிப்பின்போது, 1998இல் தவறான ஒரு கட்டளையால் பிக்சார் நிறுவனத்தின் கோப்புகள் அழிந்தன. காப்பு நாடாக்களும் சரிவர வேலைசெய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றிய தொழில்நுட்ப மேற்பார்வையாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. ஒரு நிகழ்வில் வேறொரு மேகம் காத்தது. மற்றொன்றில் ஒரு வீடு காத்தது.

நமக்கு இது புதிய சிந்தனையும் அன்று. ஏடுகள் பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகும் என்று அறிந்திருந்த நம் முன்னோர், அவற்றைப் பெயர்த்தெழுதி வெவ்வேறு இடங்களில் வைத்தார்கள். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து பல சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், ஓர் ஊரில் செல்லரித்த ஏடு இன்னோர் ஊரில் பிழைத்திருந்ததுதான்.

செலவும் நேரமும்

இரண்டு வன்தட்டுகளுடன் ஒரு வீட்டுப் பெட்டி வாங்க முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். 20 வாட் மின்சாரத்தில் இரவு பகலாக இயங்கினால் ஆண்டுக்குச் சுமார் 175 யூனிட் செலவாகும். ஐந்தாறு ஆண்டுகளில் வன்தட்டுகளை மாற்ற வேண்டிவரலாம். மேகச் சேவையில் 100 ஜிபி இடத்துக்கு மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய் போதும். ஆனால் டெராபைட் கணக்கில் போகும்போது தொகை ஆண்டுக்குப் பல ஆயிரங்களாகும். அதையும் வாழ்நாள் முழுவதும் கட்ட வேண்டும்.

நேரத்தையும் கணக்கிட வேண்டும். ஒரு டெராபைட் தரவை விநாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் மேகத்துக்கு அனுப்ப, இடைவிடாமல் நாலரை நாட்களுக்கு மேல் ஆகும். 100 மெகாபிட் வேகத்தில் ஏறக்குறைய ஒரு நாள். அதே தரவை வீட்டுப் பெட்டியிலிருந்து கம்பி இணைப்பு வழியே இரண்டரை மணி நேரத்தில் மீட்டுவிடலாம்.

யாருக்கு எது?

எல்லாவற்றையும் ஒரே அளவில் காக்க வேண்டியதில்லை. மீண்டும் பெறக்கூடியவை, பெற முடியாதவை என்று முதலில் பிரிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை டிஜிலாக்கரிலிருந்தோ உரிய அலுவலகத்திலிருந்தோ மறுபடியும் பெறலாம். திரைப்படத்தை மறுபடியும் தரவிறக்கலாம். பாட்டியின் குரலை எங்கிருந்தும் தரவிறக்க முடியாது. அவ்வாறு ஈடுசெய்ய முடியாதவை பெரும்பாலான குடும்பங்களில் 100 அல்லது 200 ஜிபியைத் தாண்டுவதில்லை.

அத்தகைய குடும்பங்களுக்கு வீட்டுப் பெட்டி தேவையில்லை என்றே நான் சொல்வேன். கட்டணம் செலுத்தும் ஒரு மேகக் கணக்கும், சில ஆயிரம் ரூபாயில் ஒரு வெளிப்புற வன்தட்டும் போதும். மாதம் ஒருமுறை வன்தட்டில் நகலெடுத்துவிட்டு, இணைப்பைத் துண்டித்து, முடிந்தால் உடன்பிறந்தவர் வீட்டில் வைத்துவிடலாம். இணைப்பில் இல்லாத வன்தட்டைப் பணயத் தீநிரல் தொட முடியாது. ஒரு திருமணத்துக்கே பல நூறு ஜிபி படமெடுக்கும் ஒளிப்படக் கலைஞர்கள், காணொளி தயாரிப்பவர்கள், பல சாதனங்கள் கொண்ட பெரிய குடும்பங்கள் ஆகியோருக்கு வீட்டுப் பெட்டி பொருத்தமானது. அதிலிருந்து முக்கியமானவை மட்டும் மறையாக்கப்பட்டு மேகத்துக்குச் செல்லுமாறு அமைத்துக்கொள்ளலாம். கட்சிக்காரரின் ஆவணங்களைக் கையாளும் வழக்கறிஞருக்கும், நோயாளியின் குறிப்புகளை வைத்திருக்கும் மருத்துவருக்கும் அந்த மறையாக்கம் கட்டாயம். வீட்டில் பராமரிக்க ஆளில்லை என்றால், எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது.

சாவி யாரிடம்?

இரண்டு செய்திகள் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஒன்று, மீட்டுப் பார்க்காத காப்பு வெறும் நம்பிக்கைதான். 2017 ஜனவரி இறுதியில் கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அங்கே ஏற்படுத்தப்பட்டிருந்த ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளில் எதுவும் ஒழுங்காக இயங்கவில்லை என்று தெரியவந்தது. ஊழியர் ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்திருந்த நகலே நிறுவனத்தை மீட்டது.

இரண்டாவது, நம் குடும்பங்களோடு நேரடியாகத் தொடர்புடையது. பல வீடுகளில் இவை அனைத்தின் கடவுச்சொல்லும் ஒரே ஒருவரிடம் இருக்கிறது. கணக்கில் நுழையும் ஒருமுறைக் குறியீடும் அவருடைய கைபேசி எண்ணுக்கே வருகிறது. அவர் மறைந்தால் எண் செயலிழக்கும். அதோடு முப்பது ஆண்டு நினைவுகளின் கதவும் மூடிக்கொள்ளும். வங்கிக் கணக்குக்கு வாரிசு நியமிக்கும் நாம், படங்களுக்கு நியமிப்பதில்லை. நீண்ட காலம் பயன்படுத்தப்படாத கணக்கைக் குறிப்பிட்ட ஒருவரிடம் ஒப்படைக்கும் வசதி கூகுளிலும், மரபுரிமைத் தொடர்பாளரை நியமிக்கும் வசதி ஆப்பிளிலும் உண்டு. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், தனக்குப் பின் தன் தரவு உரிமைகளைச் செயல்படுத்த ஒருவரை நியமிக்கும் உரிமை இடம்பெற்றிருக்கிறது. கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, பத்திரங்களோடு வைப்பது பழைய முறை. ஆனால் மிகவும் பயனுள்ளது.

எனவே, எதை வாங்குவது என்று முடிவெடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் கைபேசியை அணைத்துவைத்துவிட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு குடும்பப் படத்தை வேறு எங்கிருந்தாவது எடுத்துத் தருமாறு உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ மகளிடமோ கேளுங்கள். அவரால் முடிந்தால், உங்கள் வீட்டில் காப்பு இருக்கிறது.