குடல் நோயும் தாதியர் தொண்டும்

ஒரு தேசம் தன் பிரஜைகளின் சுகத்தில் எவ்வளவு கருத்துடையது என்பதை அதன் வைத்தியசாலைக் கட்டடங்களின் உயரத்தைக் கொண்டு அளத்தல் தகாது. நோயாளியின் படுக்கையருகே நிற்பவர் யார், அவருக்கு என்ன மதிப்பும் ஊதியமும் அளிக்கப்படுகின்றன என்பனவற்றைக் கொண்டே அளத்தல் வேண்டும். இதனை விளக்க இன்று ஒரு வியாதியை எடுத்துக்கொள்ளுவோம். அதன் பெயர் குடல் அழற்சி நோய். அதனால் வருந்துவோர் வெட்கத்தினால் வாய் திறப்பதில்லை. ஆதலின் நம்மவரில் பலர் அதன் பெயரையும் கேட்டிரார்.

இந்நோய் இரு வகைப்படும். ஒன்று பெருங்குடலின் உட்புறத்தைப் புண்ணாக்குவது. இதனை 1859-இல் லண்டன் வைத்தியர் சாமுவேல் வில்க்ஸ் விவரித்தார். மற்றொன்று குடலின் எப்பகுதியையும் பற்றக்கூடியது. இது 1932-இல் நியூயார்க் வைத்தியர் க்ரோனும் அவருடைய தோழர் இருவரும் எழுதிய கட்டுரையால் வெளிப்பட்டுக் க்ரோன் நோய் எனப் பெயர் பெற்றது. உடலின் காவற்படையே தன் குடலைப் பகையென்று கருதித் தாக்குவதால் இவை வளருகின்றன. ரத்தப் பேதி, வயிற்றுவலி, மெலிவு, சோகை ஆகியவை இவற்றின் குறிகள். இவை தொற்றுநோய்கள் அல்ல. பெரும்பாலும் இளம்பருவத்தினரையே பற்றுகின்றன. இவற்றை அடக்கிவைக்க மருந்து உண்டு. வேரோடு களைய மருந்து இல்லை.

இது மேனாட்டாருக்கே உரிய வியாதி என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. பஞ்சாபில் வீடுவீடாகச் சென்று 51,910 பேரை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கணக்கு அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிற்று. பெருங்குடல் புண் நோய் மட்டும் லட்சம் பேரில் ஏறக்குறைய 44 பேருக்கு இருந்ததாக அக்கணக்கு கூறுகிறது.

வாழ்நாள் முழுதும் தொடரும் இத்தகைய நோயில் வைத்தியர் நோயாளியைக் காணும் நேரம் சில நிமிஷங்களே. எஞ்சிய காலமெல்லாம் அவரைக் காப்பவர் யார்? தாதியே என்று தயங்காது கூறுவோம்.

நோய் கடுமையாகத் தாக்கிய காலத்தை முதலில் நோக்குக. நாளொன்றுக்கு ஆறு முறைக்கு மேல் ரத்தத்துடன் பேதியாகி, நாடி விரைந்து, ஜுரமும் கண்டால் உயிருக்கே ஆபத்து. 1955-இல் ஆக்ஸ்போர்டு வைத்தியர்கள் ட்ருலவ், விட்ஸ் இருவரும் கார்டிஸோன் மருந்தின் பயனை நிலைநாட்டுமுன் இத்தாக்குதலில் மாண்டோர் பலர். இன்று நல்ல வைத்தியசாலைகளில் மரணம் நூற்றில் ஒன்றளவுக்குக் குறைந்திருக்கிறது. இம்மருந்தைத் தொடங்கிய மூன்றாம் நாளில், மேலும் பொறுப்பதா, வேறு மருந்து தருவதா, பெருங்குடலை அறுத்து நீக்குவதா என்று வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். அதற்கு அவர் பெரிதும் நம்புவது எதனை? எத்தனை முறை பேதியாயிற்று, எத்தனை முறை ரத்தம் கண்டது என்று இரவும் பகலும் தாதி குறித்துவைத்த ஏட்டினை! மற்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும் பணி அது. அவ்வேட்டில் பிழை நேர்ந்தால் ஓர் உயிர் போகும். அல்லது ஒரு வாலிபன் வீணே குடலை இழப்பான்.

நோயாளி வீடு திரும்பிய பின்னரும் தாதியின் பணி ஓய்வதில்லை. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தலாகாது என்று சொல்ல வேண்டும். அஸாதயோப்ரின் உண்பவரின் வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று காலந்தவறாது ரத்தம் சோதிக்கச் செய்ய வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து ஏற்றுமுன் உடலில் க்ஷயரோகம் மறைந்து கிடக்கிறதா என்று பார்த்தாயிற்றா என உறுதி செய்ய வேண்டும். இன்றேல் அது விழித்தெழக்கூடும். குடல் க்ஷயமும் க்ரோன் நோயும் உருவில் ஒத்திருப்பதால், நம் தேசத்தில் இவ்விழிப்பு இரட்டிப்பாக வேண்டும். வயிற்றில் துவாரமிட்டுப் பை பொருத்தப்பட்டவருக்கு அதனைப் பேணும் முறையைக் கற்பிப்பவரும் தாதியே. வைத்தியரிடம் சொல்ல நாணுவதை விவாகத்துக்கு நிற்கும் பெண் அவரிடமே சொல்லுவாள்.

ஆங்கில நாட்டார் இதனை உணர்ந்து, இந்நோய்க்கெனத் தனித்தேர்ச்சி பெற்ற தாதியரை நியமிக்கின்றனர். இரண்டரை லட்சம் ஜனங்களுக்கு ஒன்றரைத் தாதியின் முழுநேர உழைப்பு வேண்டுமென 2009-இல் அங்கு விதிமுறை வகுத்தனர். 2019-இல் அதனை இரண்டரையாக உயர்த்தினர். நோய் மீண்டும் தலைதூக்கினால் நோயாளி தொலைபேசியில் கேட்கலாம். அடுத்த வேலைநாள் முடிவதற்குள் பதில் கிடைக்க வேண்டும் என்பதும் அவ்விதிமுறையே. ஐரோப்பியத் தாதியரும் தம் கடமைகளை வரையறுத்து 2013-இலும் 2018-இலும் ஒப்புதல் அறிக்கைகள் வெளியிட்டனர்.

"அவர் செல்வர், நமக்கு இயலுமோ?" என்பர் சிலர். விலையுயர்ந்த மருந்தை வாங்கிவிட்டு அதனைக் காவல் செய்யும் தாதிக்குச் சம்பளம் தர அஞ்சுவது சிக்கனமாகாது. பிரிட்டனில் பணிபுரியும் வெளிநாட்டுத் தாதியரில் முன்னணியில் நிற்போருள் நம் தேசத்துப் பெண்களும் உளர். நாம் பயிற்றிய கைகள் அங்கே மதிக்கப்படுகின்றன; இங்கோ வார்டு விட்டு வார்டு மாற்றப்படுகின்றன, ஒப்பந்தக் கூலிக்கு அலைகின்றன.

1946-இல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை, அந்நிய ஆட்சியில் 43,000 பேருக்கு ஒரு தாதியே இருந்த அவலத்தை எடுத்துக்காட்டிற்று. இன்று தாதியர் லட்சக்கணக்கில் உள்ளனர். தொகை பெருகிற்று, மதிப்புப் பெருகிற்றா? தனியார் வைத்தியசாலைத் தாதியரின் சம்பளத்தை ஆராயுமாறு 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு பணித்தது. 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் சர்க்கார் சம்பளத்துக்கு ஈடாகவும், 50 படுக்கைக்குக் குறைந்த இடங்களிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் தர வேண்டுமெனக் கமிட்டி கூறிற்று. கேரளத்தில் தாதியர் ஒன்றுகூடிப் போராடினர். 2018-இல் அம்மாநில சர்க்கார் சம்பளத்தை உயர்த்தி அறிவித்தது. போராடாத இடங்களில் கமிட்டியின் வாக்கு ஏட்டுச் சுரைக்காயாயிற்று.

ஆங்கில நாட்டில் இந்நோய் நம் நாட்டினும் மிகுதி. ஆகவே அவர் கணக்கை அப்படியே நாம் கேட்கவில்லை. நாம் கேட்பன மூன்றே. மருத்துவக் கல்லூரி வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் இந்நோய்க்கெனப் பயிற்சி பெற்ற தாதி ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அவரை அடிக்கடி வேறு வார்டுக்கு மாற்றலாகாது. அப்பதவி ஒப்பந்தக் கூலியாயிராது நிரந்தர உத்தியோகமாதல் வேண்டும்.

தேசத்தொண்டில் ஈடுபட்டோரே! சட்டசபையிலும் மேடையிலும் வைத்தியசாலைக் கட்டடம் வேண்டுமென முழங்குகிறீர். நன்று. அக்கட்டடத்துள் இரவு முழுதும் விழித்திருப்பவருக்காகவும் அக்குரலை எழுப்புங்கள். பிணியாளரைத் தொட்டுத் துடைக்கும் கையை இழிவென்று எண்ணும் சமூகம் சுயராஜ்யத்தின் பயனை முழுதும் எய்தியதாகாது.