டிராப்-அவுட் கதையில் சொல்லாமல் விட்ட பகுதி

"காலேஜை விட்டவன்தான் பெரிய ஆள் ஆனான்" என்று யாராவது ஆரம்பித்தால், அந்த லிஸ்டில் மேட் முல்லன்வெக் பெயரும் வரும். வேர்டுபிரஸைத் தொடங்கிய இருவரில் ஒருவர். இன்று இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. அவர் படிப்பைப் பாதியில் விட்டது உண்மைதான். ஆனா அதுக்கு முன்னாடி என்ன செய்தார்? நமக்கு வேண்டியது அந்தப் பகுதிதான்.

மேட் 1984-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிறந்தவர். அப்பா புரோகிராமர். கம்ப்யூட்டரை நோண்டும் பழக்கம் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் கலைப் பள்ளியில் கற்றது ஜாஸ் சாக்ஸபோன். கல்லூரியில் எடுத்தது அரசியல் அறிவியல். கோடிங் அவருக்கு வந்த வழி வேறு.

தன் போட்டோக்களையும் எழுத்தையும் இணையத்தில் போட, பி2 என்ற மென்பொருளை அவர் பயன்படுத்தினார். பி.எச்.பி.யில் எழுதப்பட்டது. ஜி.பி.எல். உரிமத்தில் வந்தது. அதாவது, கோடை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், அதே நிபந்தனையில் பிறருக்கும் தரலாம். ஒரு கட்டத்தில் பி2-வை உருவாக்கியவர் அதில் வேலை செய்வதை நிறுத்திவிட்டார். வேறு யாராவது இருந்தால் வேறு மென்பொருளுக்கு மாறியிருப்பார்கள். 19 வயது மேட், இந்தக் கோடை எடுத்து நாமே தொடரலாமா என்று 2003 ஜனவரியில் எழுதினார். மறுநாளே இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டில் கைகொடுத்தார். மே 27-இல் வேர்டுபிரஸ் 0.7 வெளியானது.

அதில் என்ன புதுசு தெரியுமா? நேராக இருக்கும் மேற்கோள் குறிகளை அச்சுப் புத்தகத்தில் இருப்பதுபோல் வளைத்துக் காட்டும் ஒரு ஃபங்ஷன்! அவ்வளவு சின்ன விஷயம். தன் தளத்தைப் பார்க்கும்போது தனக்கு உறுத்தியதை அவர் சரிசெய்தார். பி.எச்.பி. பிறந்த கதையும் இதுதான். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-இல் தன் ஆன்லைன் ரெஸ்யூமை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிய எழுதிய சின்ன புரோகிராம்களே அதன் ஆரம்பம்.

மேட் கல்லூரியை விட்டது 2004-இல். அப்போது வேர்டுபிரஸ் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிஜமாகவே ஆட்கள் பயன்படுத்தினார்கள், கையில் வேலையும் இருந்தது. படிப்பை விட்டதால் கோடிங் வரவில்லை. கோடிங் வந்த பிறகு எடுத்த முடிவு அது.

ஆக, தானாகக் கற்பது என்றால் தனியாக முதல் வரியிலிருந்து எழுதுவது இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கோடை எடுத்து, தனக்குத் தேவையான ஒன்றை மாற்றிப் பார்ப்பது. லேப் ரெக்கார்டில் அவுட்புட் காப்பி பண்ணும்போது கிடைக்காதது இதில் கிடைக்கும். ஏன்னா, மாற்றியது உடைந்தால் காரணம் தேடியே ஆகணும்.

நீங்க செய்யக்கூடியது இதுதான். லேப்டாப்பில் ஸாம்ப் போடுங்க. அதில் வேர்டுபிரஸை நிறுவுங்க. உங்கள் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு பக்கம் உருவாக்குங்க. ஏதோ ஒன்று பிடிக்காமல் போகும். அதற்கான ஃபைலைத் தேடித் திறந்து, ஒரு வரியை மாற்றி, பிரவுசரை ரீஃப்ரெஷ் பண்ணுங்க. எதிர்பார்த்தது வரலைன்னா இன்னும் நல்லது. அங்கேதான் படிப்பு ஆரம்பிக்குது.